காசு இருக்கு, ஜப்பான் போறோம்: எதுக்கு செலவு பண்ணலாம், எதை விட்டுடலாம்?

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் இந்த வருஷம் ரிட்டயர் ஆயிட்டோமுங்க. கூட என் தங்கச்சி, அவ வீட்டுக்காரர், மொத்தம் நாலு பேர், வர்ற நவம்பர்ல ஜப்பான் போலாம்னு இருக்கோம். இந்த ஒரு தடவை மட்டும் கணக்கு பாக்கறதில்லைன்னு முடிவு. ஏஜென்ட் குடுத்த லக்ஷரி பிளான் இதுதான்: டோக்கியோ 2 நைட், ஹக்கோனே 1, கியோட்டோ 2, ஹிரோஷிமா 1, ஒசாகா 1, மறுபடி டோக்கியோ 1. எல்லாமே ஃபைவ் ஸ்டார், தனி வேன், தினமும் நைட் இந்தியன் டின்னர். நான் சுத்த சைவம், அவர் மீன் சாப்பிடுவார். அவருக்கு முட்டி வலி, பிபியும் இருக்கு. அங்க பொதுக் குளியல்ல துணியில்லாம இறங்கணுமாமே, நினைச்சாலே கூச்சமா இருக்கு. இந்த பிளான் சரிதானுங்களா? ஃபூஜி மலைய கண்டிப்பா பாக்கணும்.
- கோயம்புத்தூர் வாசகி

பதில்: வணக்கம் மேடம். பிளானை நல்லா படிச்சுப் பாத்தேன். ஹோட்டல் எல்லாம் நல்ல ஹோட்டல்தான், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா 8 நைட்ல 6 ஹோட்டல் மாறுறீங்க. காலைல எழுந்து பெட்டி கட்டி செக்-அவுட், ரயில், மதியம் எதையாவது ஒண்ண ஓடிப் போய் பாத்துட்டு சாயங்காலம் அடுத்த ஊர்ல செக்-இன், அப்புறம் இந்தியன் ரெஸ்டாரண்ட் தேடி அரை மணி நேரம் வேன்ல, திரும்பி வந்தா தூக்கம்தான், மறுநாள் காலைல மறுபடி பெட்டி. முட்டி வலி இருக்கறவருக்கு இது தண்டனை. இவ்ளோ காசு குடுத்து அந்த ரூம்ல நீங்க கண்ணு முழிச்சு உக்காந்திருக்கற நேரம் எவ்ளோன்னு பாருங்க, ஒண்ணுமே இல்ல.

2024-ல மட்டும் 3.6 கோடிக்கும் மேல வெளிநாட்டுக்காரங்க ஜப்பானுக்கு வந்திருக்காங்க. எல்லாரும் அதே டோக்கியோ, ஃபூஜி, கியோட்டோ, ஒசாகாதான், அதுவும் காலைல பத்துல இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் அதே நாலு இடத்துலதான் நிப்பாங்க. அதனால அந்த ஊர்ல காசு குடுத்து வாங்க வேண்டியது கூட்டம் இல்லாத நேரம். விடிகாலைல தோட்டம் காலியா இருக்கறப்ப நடந்து போற தூரத்துல நீங்க தங்கியிருக்கணும், அதுக்கு ஊரைக் குறைக்கணும், ஒரே இடத்துல ரெண்டு மூணு நைட் இருக்கணும். என்னைக் கேட்டா இந்த டிரிப்புல நீங்க எடுக்கற பெரிய முடிவு இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாடி தானா சரியாயிடும்.

என் யோசனை இது. ரெண்டு நைட் கூட்டி 10 நைட்டா பண்ணுங்க. டோக்கியோ 3, கானாசாவா 2, பக்கத்துல யாமானாகா ஒன்சென்னு மலைக்குள்ள ஒரு வெந்நீர் ஊற்று ஊர் இருக்கு அங்க 2, கடைசில கியோட்டோ 3. டோக்கியோல இறங்கி ஒசாகா பக்கம் கன்சாய் ஏர்போர்ட்ல ஏறிடுங்க, மறுபடி டோக்கியோ திரும்பி வர்ற நாள் மிச்சம். கோயம்புத்தூர்ல இருந்து சிங்கப்பூர் வழியா போனா ரெண்டு ஊருக்கும் ஃப்ளைட் இருக்கு, டிக்கெட்டை மல்டி-சிட்டின்னு போடச் சொல்லுங்க.

ஹிரோஷிமாவை ஏன் எடுத்தேன்னு கேப்பீங்க. அது பாக்கக் கூடாத ஊர்னு இல்ல, அவசரமா பாக்கக் கூடாத ஊர். அமைதி நினைவு மியூசியத்துக்குள்ள போய்ட்டு வெளிய வந்தா அன்னிக்கு வேற எதுவும் பாக்கத் தோணாது, அதை ஒரு மதியத்துல முடிச்சுட்டு நைட் ஒசாகால ஷாப்பிங்னு பிளான் போடறது எனக்கு மனசுக்கு ஒப்பல. அடுத்த தடவை பக்கத்துல இருக்கற மியாஜிமா தீவுல ஒரு நைட் தங்கற மாதிரி தனியா போங்க.

கானாசாவா பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா உங்க ஏஜென்ட் பிளான்ல அந்தப் பேரே இல்ல. மாயேதா பிரபுக்கள் ஆண்ட ஊர், ரெண்டாம் உலகப் போர்ல குண்டு விழாததால பழைய சாமுராய் தெரு, டீ ஹவுஸ் தெரு எல்லாம் அப்படியே நிக்குது. 2015-ல ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில் வந்ததுல இருந்து டோக்கியோல இருந்து ரெண்டரை மணி நேரம்தான். ஜப்பான்ல தயாராகற தங்க இழைத்தகடு கிட்டத்தட்ட முழுக்க இந்த ஊர்லதான் அடிக்கிறாங்க, ஒரு மில்லிமீட்டர்ல பத்தாயிரத்துல ஒரு பங்கு கனம், மூச்சு விட்டாக்கூட பறந்துடும், அதுக்கு இந்த ஊரோட ஈரக் காத்துதான் தோதுன்னு சொல்வாங்க. பட்டறைல உக்காந்து நீங்களே ஒரு சின்னப் பெட்டி மேல தகடு ஒட்டிப் பாக்கலாம், நாலு பேருக்கு மட்டும் தனி செஷன் கேளுங்க, குடுப்பாங்க.

அங்க கென்ரோகுஎன் தோட்டம். ஜப்பானோட பேர் பெற்ற மூணு தோட்டத்துல ஒண்ணு. நவம்பர்ல போங்கன்னு நான் சொல்றதுக்கு இலை சிவக்கறது மட்டும் காரணமில்ல. அந்தப் பக்கம் விழற பனி ஈரமா கனமா இருக்கும், பைன் மரக்கிளை தாங்காம முறிஞ்சிடும். அதனால ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 1-ந்தேதி தோட்டக்காரங்க மரத்துக்கு நடுவுல உயரமா ஒரு கம்பம் நட்டு, ஒருத்தர் அது உச்சிக்கு ஏறி அங்கிருந்து வைக்கோல் கயித்தை ஒவ்வொண்ணா கீழ வீசுவார், கீழ நிக்கறவங்க அதைப் பிடிச்சு கிளை கிளையா கட்டுவாங்க. முதல்ல குளக்கரைல இருக்கற கராசாகி பைன், அப்புறம் மத்த மரம், டிசம்பர் வரைக்கும் வேலை நடக்கும். கட்டி முடிச்ச மரம் விரிச்ச குடை மாதிரி நிக்கும், கயிறு ஒவ்வொண்ணும் நேர்க்கோடு. நீங்க நவம்பர் ரெண்டாவது வாரம் போனா கட்டின மரமும் பாக்கலாம், கட்டிட்டு இருக்கறதையும் பாக்கலாம், இலையும் நிறம் மாறிட்டு இருக்கும். டிக்கெட் கவுன்டர் திறக்கறதுக்கு முன்னாடி விடிகாலைல இலவசமாவே உள்ள விடறாங்க, கேட்டுக்கு பக்கத்துல ஹோட்டல் போட்டீங்கன்னா ஸ்வெட்டர் போட்டுட்டு நடந்தே போயிடலாம். டூர் பஸ் எல்லாம் வர்றதுக்குள்ள நீங்க பாத்து முடிச்சு டிஃபனுக்கு திரும்பிடலாம்.

இன்னொண்ணு, உங்க வீட்டுக்காரர் மீன் சாப்பிடுவார்னு சொன்னீங்க. கானாசாவா பக்கத்துக் கடல்ல பனி நண்டு பிடிக்கற சீசன் நவம்பர் 6-ந்தேதிதான் ஆரம்பிக்குது, ரெண்டாவது வாரம்னா புதுசா வந்திருக்கும். ரியோக்கான்ல, அதாவது அந்த ஊர் பாரம்பரிய விடுதில, விலையும் அப்ப ஏறும், அதுக்கு தயாரா இருங்க.

இப்ப யாமானாகா. ஏஜென்ட் ஹக்கோனேல ஒரு நைட் போட்டதுக்கு பதிலா இங்க ரெண்டு நைட். ஹைக்கு கவிஞர் பாஷோ 1689-ல வடக்கே நடைபயணம் போனப்ப இங்க வந்து ஒரு வாரத்துக்கு மேல தங்கிட்டார், அவ்ளோ பிடிச்சுப் போச்சு. கானாசாவால இருந்து காகா ஒன்சென் ஸ்டேஷனுக்கு ஷின்கான்சென்ல கால் மணி நேரம் போல, அங்கிருந்து ரியோக்கான் வண்டியே வந்து கூட்டிட்டுப் போயிடும். ஊரை ஒட்டி காகுசென்கெய்னு ஒரு பள்ளத்தாக்கு, ஆத்தோரமா நடைபாதை, மேப்பிள் மரம். அந்த ஊர் மரக்கடைசல் வேலைக்கும் பேர் போனது, லாக்கர் பூசின சூப் கிண்ணம் கையில எடுத்தா எடையே தெரியாது. வீட்டுக்கு ஏதாவது வாங்கணும்னா ஏர்போர்ட் கடைய விட்டுட்டு அதை வாங்குங்க.

ரியோக்கான் எப்படி நடக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு போறது நல்லது, ஹோட்டல்னு நினைச்சுப் போனா பாதி பேருக்குப் புரியாது. மூணு மணிக்கெல்லாம் போய்ச் சேந்துடுங்க, இது முக்கியம், ஏழு மணிக்கு போனா பாதிக் காசு வேஸ்ட். வாசல்லயே செருப்பைக் கழட்டிடணும். நாக்காய்னு சொல்ற பணிப்பெண் உங்களை ரூமுக்கு கூட்டிட்டுப் போய், கதவுக்கு வெளிய முட்டி போட்டு உக்காந்து ரெண்டு கையாலயும் கதவை நகத்திட்டு, உள்ள வந்து மறுபடி உக்காந்து மூடிட்டு, டீயும் ஒரு சின்ன ஸ்வீட்டும் வெச்சுட்டு, டின்னர் எத்தனை மணிக்குன்னு கேப்பாங்க. ஆறு, ஆறரை, ஏழு, அவ்ளோதான், ஒன்பது மணி டின்னர் அங்க கிடையாது. அதுக்கு முன்னாடி குளியல், அப்புறம் அவங்க குடுக்கற யுகாத்தாங்கற பருத்தி அங்கிய மாத்திக்கறது. யுகாத்தா கட்டும்போது இடது பக்கம் மேல வரணும், வலது பக்கத்தை மேல போட்டு கட்டறது இறந்தவங்களுக்கு மட்டும்தான், இதை நாலு பேருமே ஞாபகம் வெச்சுக்கங்க. சாப்பாடு கைசெக்கி, ஒவ்வொரு தட்டா வரும், ஒரு கடி ரெண்டு கடிதான் இருக்கும், ஆனா தட்டு, இலை, மேல வெச்ச சின்ன கொப்பு எல்லாமே அந்த மாசத்துக்குன்னு தேர்ந்தெடுத்தது, நவம்பர்ல போனா நவம்பர்தான் தட்டுல வரும். நீங்க சாப்பிடற நேரத்துல ரூம்ல மெத்தை விரிச்சு வெச்சுடுவாங்க.

விலை ரூமுக்கு இல்ல, ஆளுக்கு. ரெண்டு வேளை சாப்பாடும் சேத்து நல்ல ரியோக்கான்ல ஒரு ஆளுக்கு ஒரு நைட் 50,000 யென்ல ஆரம்பிச்சு 1 லட்சம் யென்னைத் தாண்டும். ஏஜென்ட் ரூம் ரேட்னு ஒரு தொகை சொன்னா, அது ஆளுக்கா ரூமுக்கான்னு எழுத்துல வாங்கிடுங்க. டிப்ஸ் எங்கயும் குடுக்க வேண்டாம்.

உங்க வீட்டுக்காரர் முட்டிக்கு இதையெல்லாம் சொல்லியாகணும். பாய் ரூம்லயே கட்டில் போட்ட ரூம் இருக்கு, அதைக் கேளுங்க. டின்னருக்கு நாற்காலி மேஜை கேளுங்க. இதை அங்க போய்க் கேட்டா முடியாது, புக் பண்ணும்போதே சொன்னா சந்தோஷமா பண்ணித் தருவாங்க.

குளியல் பத்தி உங்க கூச்சம் நியாயமானது, நிறைய பேர் கேக்கற கேள்வி இது. பொதுக் குளியல்ல ஆண் பெண் தனித்தனி, துணியில்லாமதான் இறங்கணும், முதல்ல குட்டி ஸ்டூல்ல உக்காந்து சோப்பு போட்டு நல்லா குளிச்சுட்டு அப்புறம்தான் தொட்டிக்குள்ள போகணும், கையில வெச்சிருக்கற சின்ன டவல் தண்ணில படக் கூடாது. ஆனா நீங்க அங்க போயே ஆகணும்னு இல்ல. ரூமோட சேந்தே திறந்தவெளி வெந்நீர்த் தொட்டி இருக்கற ரூம் உண்டு, ரோதென்புரோ உள்ள ரூம்னு கேளுங்க. லக்ஷரின்னு காசு போடறதுக்கு இதைவிட நல்ல இடம் இந்த டிரிப்புல வேற கிடையாது, பட்ஜெட் இடிச்சா டோக்கியோ ஹோட்டலை ஒரு படி இறக்கிட்டாவது இதை எடுங்க. பிபி இருக்கறதால அவர் கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடணும். தண்ணி 40, 42 டிகிரி இருக்கும், சாப்பிட்ட உடனே இறங்கக் கூடாது, சாக்கே, அதாவது அரிசி மது குடிச்சுட்டு கண்டிப்பா கூடாது, அஞ்சு நிமிஷம் இருந்துட்டு மெதுவா எழுந்திரிக்கணும்.

சாப்பாடு. இங்கதான் உங்களுக்கு கவனம் வேணும். தினமும் இந்தியன் டின்னர்ங்கறதை எடுத்துடுங்க, ரியோக்கான் விலையில டின்னர் உள்ளயே வந்துடுது, அதை விட்டுட்டு வெளிய போய் பனீர் பட்டர் மசாலா சாப்பிடறது ரெண்டு பக்கமும் நஷ்டம். ஆனா சைவம்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிட்டுப் போனீங்கன்னா மாட்டிக்குவீங்க. ஜப்பான் சமையலுக்கு அடிப்படை தாஷின்னு ஒரு சாறு, பெரும்பாலும் கட்சுவோபுஷி, அதாவது காயவெச்சு புகை போட்ட மீனைச் சீவி எடுக்கறது. மிசோ சூப், சோபாங்கற நூடுல்ஸுக்கு தொட்டுக்கற சாறு, வேக வெச்ச காய், கீரை மேல தூவறது, எல்லாத்துலயும் அது இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாது, சர்வ் பண்றவங்களும் இது வெறும் காய்தான்னு மனசார சொல்வாங்க. அதனால புக்கிங்லயே ஜப்பானிய மொழில எழுதி அனுப்பச் சொல்லுங்க: மாமிசம், மீன், மீன் சாறு, கட்சுவோபுஷி எதுவும் கூடாது, கொம்பு கடல்பாசி சாறும் ஷிட்டாக்கே காளான் சாறும் பரவாயில்ல, முட்டை பால் உண்டா இல்லையா. சில ரியோக்கான் எங்களால முடியாதுன்னு சொல்லிடுவாங்க, தப்பா எடுத்துக்காதீங்க, அது நேர்மை, வேற இடம் பாக்கலாம். சரின்னு சொன்ன இடத்துல சமையல்காரர் உங்களுக்குன்னு தனியா யோசிச்சு பண்ணுவார். காகா பக்கத்து காய்கறியும், கோதுமைல பண்ற ஃபூவும் அங்க ரொம்ப விசேஷம், உங்க தட்டு உங்க வீட்டுக்காரர் தட்டுக்கு எந்த விதத்துலயும் குறைச்சலா இருக்காது.

கியோட்டோல அந்தக் கவலை கொஞ்சம் குறைவு, கோயில் சாப்பாடு ஷோஜின் ரியோரி இருக்கு. புத்த பிட்சுக்கள் சாப்பாடு, மாமிசம் மீன் இல்ல, வெங்காயம் பூண்டு கூட கிடையாது. ஆராஷியாமால தென்ரியூ-ஜி கோயிலுக்குள்ளயே ஷிகெத்சுன்னு ஒரு இடம், மதியம் மட்டும்தான், சிவப்புத் தட்டுல எள்ளு தோஃபு, யூபாங்கற சோயாப் பால் ஆடை, ஊறுகாய், சாதம்னு வரும். தரைல உக்கார்ற மாதிரி இருக்கும், குட்டை நாற்காலி கிடைக்குமான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. சாப்பிட்டு எழுந்தா பக்கத்துலயே தோட்டம், பதினாலாம் நூற்றாண்டுல முசோ சோசெகிங்கற ஜென் குரு அமைச்சது.

அதே முசோ கை வெச்ச இன்னொரு தோட்டம் சாய்ஹோ-ஜி, பாசிக் கோயில்னு சொல்வாங்க, 120 வகைக்கு மேல பாசி, தரை முழுக்க பச்சை. முன்பதிவு இல்லாம உள்ள விட மாட்டாங்க, போனதும் உக்காந்து புத்த சூத்திரத்தைப் பிரஷ்ல எழுதணும், அப்புறம்தான் தோட்டம். எழுத்து தெரியாட்டியும் பரவாயில்ல, மேல வெச்சு வரையற மாதிரிதான் தருவாங்க. ஆளு கம்மி, யாரும் சத்தம் போட மாட்டாங்க. கியோட்டோல ஒரே ஒரு இடம் பாக்க நேரம்னா நான் இதைத்தான் சொல்வேன். ஃபுஷிமி இனாரி பாக்கணும்னா அது ராத்திரி பகல் திறந்திருக்கற கோயில், காலைல ஆறரைக்கு டாக்ஸில போயிட்டு கொஞ்ச தூரம் மட்டும் ஏறிட்டு வந்துடுங்க, மேல வரைக்கும் முழுக்க படி, முட்டிக்கு ஆகாது. கெய்ஷா தெருக்கள் இருக்கற கியோன்ல மைக்கோவை, அதாவது கெய்ஷாவாகப் பயிற்சி எடுக்கற பொண்ணுங்களைத் துரத்தி போட்டோ எடுக்கறது வேண்டாம், சில தனியார் சந்துக்குள்ள சுற்றுலாக்காரங்க போகவே கூடாதுன்னு 2024-ல போர்டு வெச்சுட்டாங்க, போனா 10,000 யென் அபராதம். ஆசைன்னா ஹோட்டல் மூலமா ஒரு மைக்கோ விருந்து ஏற்பாடு பண்ணுங்க, ஆட்டம் பாக்கலாம், பேசலாம், அவங்க சம்மதத்தோட போட்டோவும் எடுக்கலாம்.

கியோட்டோ ஹோட்டல் வரி 2026 மார்ச்ல இருந்து ஏறியிருக்கு, ஒரு ஆளுக்கு ஒரு நைட் 1 லட்சம் யென்னும் அதுக்கு மேலயும் போனா 10,000 யென் வரி. நாலு பேர், மூணு நைட்டுன்னா 1,20,000 யென். ஏஜென்ட் கொட்டேஷன்ல இது சேந்திருக்கான்னு பாருங்க.

இப்ப ஃபூஜி. ஹக்கோனேல ஒரு நைட்னு தேதி குறிச்சுட்டா அன்னிக்கு மேகம் மூடினா கதை முடிஞ்சுது. அதனாலதான் டோக்கியோல 3 நைட் போட்டேன். ரெண்டு நாளையும் மாத்திக்கற மாதிரி வெச்சுக்கங்க, வானிலை பாத்து எந்த நாள் தெளிவோ அன்னிக்கு விடியறப்பவே கார்ல கவாகுச்சி ஏரிக்கு கிளம்பிடுங்க, ரெண்டு மணி நேரம் போல ஆகும், மதியத்துக்குள்ள பாத்துட்டு வந்துடலாம், காலைலதான் மலை நல்லா தெரியும். இப்படி மாத்திக்க சம்மதிக்கற கார் கம்பெனியா பாத்து பிடிக்கச் சொல்லுங்க. வண்டி பச்சை நம்பர் பிளேட்டா இருக்கணும், அதுதான் வாடகைக்கு ஓட்ட பர்மிட் இருக்கற வண்டி, வெள்ளை பிளேட்ல ஏர்போர்ட்டுக்கு வந்தா ஏறாதீங்க. கியோட்டோலயும் முழுநாள் வேன் வேண்டாம், நவம்பர்ல ரோடு அப்படியே நிக்கும். அந்தக் காசுல லைசென்ஸ் இருக்கற நல்ல கைடை வெச்சுக்கங்க, டாக்ஸி அவர் பிடிச்சுக் குடுப்பார்.

மத்த நாள் டோக்கியோல உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் சொல்றேன், அசாகுசாவுக்கு எல்லாரும் போவாங்க, சென்சோ-ஜி கோயில் பாத்துட்டு திரும்பிடுவாங்க. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல மத்சுசியாமா ஷோதென்னு ஒரு சின்னக் கோயில், உள்ள இருக்கறது காங்கிதென், நம்ம பிள்ளையார் புத்த மதத்தோட அங்க போய்ச் சேந்த வடிவம். சிலையை யாருக்கும் காட்ட மாட்டாங்க. படைக்கறது வெள்ளை முள்ளங்கி, வாசல்லயே விக்கறாங்க, கோயில் சுவத்துலயும் ரெண்டு முள்ளங்கி பின்னின சின்னம் செதுக்கியிருக்கும். நீங்க ஒரு முள்ளங்கி வாங்கி வெச்சுட்டு கும்பிட்டுட்டு வாங்க, உங்களுக்குப் பிடிக்கும்.

சின்னச் சின்ன விஷயம் சிலது. பெரிய பெட்டியைத் தூக்கிட்டு ரயில் ஏறாதீங்க, டோக்கியோ ஹோட்டல் ரிசப்ஷன்லயே குடுத்தா தக்குபின் சர்வீஸ்ல கியோட்டோ ஹோட்டலுக்கு நேரா போயிடும், ஒரு பெட்டிக்கு சில ஆயிரம் யென். நடுவுல 4 நைட்டுக்கு ஒரு கைப்பை போதும். கானாசாவா ரயில்ல கிரான் கிளாஸ்னு ஒரு வகுப்பு, பெட்டி முழுக்க 18 சீட்தான், காலை நீட்டிக்கலாம், அவருக்கு அதைப் போடுங்க. ஏஜென்ட் ஜேஆர் பாஸ்னு ரயில் பாஸ் சேத்திருந்தா அதை நீக்கிடச் சொல்லுங்க, 2023 அக்டோபர்லயே 7 நாள் பாஸ் விலை 50,000 யென்னா ஏறிடுச்சு, உங்க ரூட்டுக்கு தனித்தனி டிக்கெட்டே மலிவு. லேஸ் இல்லாத ஷூ, ஓட்டை இல்லாத சாக்ஸ், ஏன்னா நாளுக்கு பத்து தடவை கழட்டணும். இ-விசா வந்தா அதை போன்ல நெட்டோட திறந்து காட்டணும், ஸ்கிரீன்ஷாட்டும் பிரிண்ட்டும் ஒத்துக்க மாட்டாங்க, அதனால இறங்கினதுமே நெட் வேலை செய்யற மாதிரி சிம் இங்கயே போட்டுடுங்க.

நவம்பர்னா நல்ல ரியோக்கான்ல தொட்டி வெச்ச ரூம் சீக்கிரம் தீந்துடும், அதனால ஃப்ளைட்டுக்கு முன்னாடி யாமானாகா ரூமை உறுதி பண்ணுங்க, அந்தத் தேதியை வெச்சு மத்ததைக் கட்டிக்கலாம். ஏஜென்ட் புதுசா பிளான் குடுத்ததும் ஹோட்டல் பேர், ரூம் வகை, கேன்சல் பண்ணா எவ்ளோ போகும்ங்கற விவரத்தோட அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்.